பரவைக்கடலில் ஒரு தங்கு மடம்

பருத்தித்துறையிலிருந்து தும்பளைக்குப் போகும் தெருவிலே ஒரு மடம் இருக்கின்றது. மற்ற மடங்களெல்லாம் தெருவோரத்தில் ஒதுங்கி நிற்க, இஃது ஒன்று மட்டும் தெருவையே தன் கூரைக்குள் அடக்கிக்கொண்டு நிற்பதனால் தெருமூடிமடம் என்று பெயர் பெற்றது. தெரு நடுவே செல்லும். இரு மருங்கும் கற்றூண்கள் தாங்கிய திண்ணைகள். வெயிலுக்கு அஞ்சி வந்தவனும், மழைக்கு ஒதுங்கினவனும், எந்த ஊர், என்ன அலுவல் என்று கேட்பாரில்லாமல் அங்கே இருந்து இளைப்பாறி எழுந்து போகலாம். இதனைப் போலவே நம் தெருக்களிற் சுமைதாங்கிக் கல்லும், மாடுகள் முதுகு தேய்க்க ஆவுரஞ்சிக் கல்லும், அருகே தண்ணீர்த் தொட்டியும் ஒரு காலத்தில் இருந்தன. நடந்து போகின்றவர் குறைந்துவிட்ட இந்நாளில் அவற்றைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இன்று நாம் எழுதப் புகுந்தது மடங்களைப் பற்றியன்று, பறவைகளைப் பற்றி. ஆயினும் சென்ற பங்குனி மாதத்து ஒரு ஞாயிறு அதிகாலையிலே தனங்கிளப்புக் கரையில் நின்றபோது, முதலில் நம் நினைவுக்கு வந்தது அந்தத் தெருமூடிமடந்தான்.

நாவற்குழியிலிருந்து சங்குப்பிட்டிப் பாலத்துக்குச் செல்லும் பெருந்தெருவிலே தனங்கிளப்பு இருக்கின்றது. 2011 ஆம் ஆண்டில் அப்பாலம் திறக்கப்பட்ட பின்னர் பூநகரிக்கும் மன்னாருக்கும் போகின்ற வண்டிகளெல்லாம் இவ்வழியேதான் விரைகின்றன. விரைகின்றவர்கள் வலப்பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால், பரவைக்கடல் வற்றித் தெரியும் சேற்றுத் தரையும், அதற்கப்பால் முழங்காலளவு நீரும், அந்நீரின்மேற் கருமணல் தூவியது போலப் பரந்து கிடக்கும் பறவைக் கூட்டமும் தெரியும்.

நம்முடன் அடுத்த வீட்டுப் பிள்ளை ஒருவன் வந்திருந்தான். பத்தாம் வகுப்பிற் படிக்கின்றவன். கையிலே இருகண் நோக்காடி. பையிலே ஒரு கொப்பி. எண்ணத் தொடங்கியவன் நானூறு வரையில் எண்ணிவிட்டு, கூட்டம் ஒருமுறை எழுந்து மாறி அமர்ந்தவுடன் கணக்குத் தப்பி, தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். நாம் தெரிந்தவற்றைக் காட்டினோம். ஊசி போல நீண்ட வாலுடையது ஊசிவால் தாரா. கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம் வளைந்திருப்பது நீலச்சிறகி. செங்கபில நிறத் தலையிலே, நெற்றி நடுவிற் சந்தனம் அப்பியது போல ஒரு வெளிறிய பட்டை உள்ளது நாமத்தலை வாத்து என்று தமிழகத்தார் சொல்லுவது. (நம் ஊரிற் பெயரிட்டிருந்தால் நாமத்தை விட்டுச் சந்தனப் பொட்டென்றே வைத்திருப்பார்கள்.) அதன் ஆண் சீழ்க்கையடிக்கும் ஒலி, வாய்க்காலுக்கு அப்பாலிருந்து ஒரு சிறுவன் தன் தோழனை அழைப்பது போலக் காதில் விழும். சேற்றிலே நீண்ட மூக்கைக் கண்மட்டும் புதைத்து எடுப்பவை கருவால் மூக்கன்கள். அவற்றின் காலடியில் ஓடித்திரியும் சிறியவை உள்ளான் இனங்கள். வெகு தூரத்தே, நீரும் வானும் கலக்குமிடத்தில், வெண்மையும் இளஞ்சிவப்புமாக ஒரு கோடு: பூநாரைகள்.

“இதெல்லாம் எங்கட ஊர்ப் பறவையளோ, மாமா?” என்று கேட்டான் பிள்ளை.

நாம் விடை சொல்லுமுன், களங்கண்டி வலையைப் பார்த்துவிட்டுக் கரையேறி வந்த முதியவர் ஒருவர் சொன்னார்: “இல்லைத் தம்பி. உதுகள் வாடையோட வந்து, சோளகம் பிறக்க முந்திப் போயிடுங்கள். இப்ப பார், ஒண்டும் நிமிந்து பாக்கிறேல்லை. தீன் ஒண்டுதான் நினைப்பு. போற வழிக்குக் கட்டுச்சோறு கட்டுதுகள்.”

இவ்விடயத்தைக் குறித்து நாம் படித்த நூல்களில் எங்கும் இத்துணைச் செப்பமாகச் சொல்லப்பட்டதில்லை.

வலசை என்றால் பறப்பது என்றே நாம் எண்ணுகின்றோம். படங்களிலும் அப்படியே வரைகின்றார்கள்: அம்பு முனை போல அணிவகுத்துச் சூரியனுக்குக் குறுக்கே செல்லும் பறவைகள். உண்மையில், பயணக் காலத்திற் பறக்கும் நாட்களைவிடத் தங்கும் நாட்களே பன்மடங்கு. பறப்பதற்கு வேண்டிய பொருள் கொழுப்பு. ஒரு கிராம் மாச்சத்து 4 கிலோகலோரி தருமிடத்து ஒரு கிராம் கொழுப்பு 9 தருகின்றது. சுமை குறைவு, பயன் அதிகம். ஆகவே புறப்படுவதற்கு முன்னும், இடைவழியில் இறங்குமிடங்களிலும், பறவை தன் வழக்கத்துக்கு மாறாக இரவு பகல் பாராமல் உண்ணத் தொடங்குகின்றது. தோலுக்கடியிலும் வயிற்றிலும் கொழுப்பு மஞ்சளாகத் திரளுகின்றது. நெடுந்தூரம் நில்லாது பறக்கும் மூக்கன் இனமொன்றில், புறப்படும் வேளையில் உடல் எடையிற் பாதிக்கு மேல் கொழுப்பாகவே இருக்கக் கண்டிருக்கின்றனர். அதனினும் வியப்பு, அந்நாளில் அதன் இரைப்பையும் குடலும் சுருங்கிவிடுகின்றன. வழியிற் சமையல் இல்லையென்று தெரிந்தபின் சட்டி பானையைச் சுமப்பானேன்? இறங்கிய இடத்திற் குடல் மீண்டும் வளர வேண்டும். அதன் பின்னரே வயிறார உண்ண முடியும். ஆகவே தங்குமிடம் என்பது சற்றே மூச்சுவிட்டுப் போகுமிடமன்று. உடலையே திரும்பக் கட்டிக்கொள்ளும் பட்டறை அது.

இனி, இவ்விடயத்திற் காட்டு அன்னங்களைப் பற்றிச் சொல்லாமல் விடலாகாது. ஆண்டு தவறாது யாழ்ப்பாணப் பரவைக்கடலுக்கு வரும் விருந்தாளிகளின் பட்டியலில் அன்னம் இல்லை. அதன் தாயாதிகளான தாராக்களே நமக்கு வாய்த்தவை. ஆயினும் வடக்கே திரும்பிப் போகும் அன்னம் இடைவழியில் தங்குவதைப் பற்றி, உலகில் வேறெம்மொழியிலும் இத்துணைப் பழமையான செய்தி இருக்குமோ என்று ஐயுறத்தக்க ஒன்று நம் மொழியில் உண்டு. புறநானூற்றில் 67 ஆம் பாட்டு. பாடியவர் பிசிராந்தையார். குமரித்துறையிலே இரை அருந்திவிட்டு வடமலைக்குப் போகும் ஓர் அன்னச் சேவலை அவர் மாலைப்பொழுதில் விளித்து, வழியிற் சோழநாட்டில் இறங்க நேருமாயின் உறையூர் மாடத்திலே பெடையோடு தங்கி, வாயில் காவலர்க்குச் சொல்லாமலே அரண்மனைக்குள் சென்று, கோப்பெருஞ்சோழனிடம் தம் பெயரைச் சொல்லச் சொல்லுகின்றார். சொன்னால் உன் பெடைக்கு அணிகலன் கிடைக்கும் என்று ஆசையும் காட்டுகின்றார்.

நட்புக்கு இலக்கணமாக இப்பாட்டைப் பள்ளிக்கூடங்களிற் சொல்லிக் கொடுக்கின்றோம். நன்று. ஆயினும் பறவைகளைப் பார்க்கின்றவன் கண்ணுக்கு இதில் வேறு சில செய்திகளும் தெரிகின்றன. தெற்கே குமரி, வடக்கே மலை என்று பயணத்தின் இரு முனையும் புலவருக்குத் தெரிந்திருக்கின்றன. ஒரே மூச்சில் அது போய்விடாது, இடையில் இறங்கும் என்பதும் தெரிந்திருக்கின்றது. சேவலும் பெடையும் இணைபிரியாமல் ஒன்றாகச் செல்லும் என்பதும் தெரிந்திருக்கின்றது. காட்டு அன்னங்கள் ஆண்டாண்டாக ஒரே துணையோடு வாழ்பவை, முன்னாண்டுக் குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டே வலசை போகின்றவை என்பது இன்று ஐயமற நிறுவப்பட்ட செய்தி. ஒன்று மாத்திரம் பொருந்தவில்லை. புலவர் தம் அன்னத்துக்கு அயிரை மீனை உணவாகக் கொடுக்கின்றார். நாமறிந்த காட்டு அன்னங்களோ பெரும்பாலும் புல் மேய்பவை. புலவர் கண்டது எப்பறவை என்பதைப் பண்டிதர்கள் தீர்த்து வைக்கட்டும்.

சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூது விட்டதும் இதே பருவத்திலேதான். அதுவும் குமரியாடி வடக்கே திரும்பும் பறவை. அதுவும் பெடையோடு போகின்றது. அதன் அலகுக்கு அவர் பிளந்த பனங்கிழங்கை உவமை சொன்னார். தையும் மாசியும் பனங்கிழங்கு அவித்துக் கிழித்துத் தின்று வளர்ந்த யாழ்ப்பாணத்தார்க்கு அந்த உவமையின் பொருத்தத்தை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

தமிழகத்தில் இன்றும் காட்டு அன்னத்தைக் காணலாம். திருநெல்வேலிச் சீமையிலே கூந்தன்குளம் என்றோர் ஊர். அவ்வூர் மக்கள் பறவைகளை வீட்டுப் பிள்ளைகளாகக் கருதித் தீபாவளிக்கும் வெடி கொளுத்தாமல் விடுகின்றவர்கள். அங்கே மாரி காலத்தில் வரித்தலை வாத்து என்னும் அன்னம் வந்து தங்குகின்றது. வெண்மையான தலையிலே பின்புறமாக இரண்டு கரிய பட்டைகள் உண்டு. மங்கோலியா, திபெத்து ஆகிய தேசங்களின் ஏரிக்கரைகளிலே குஞ்சு பொரிக்கும் இனம் அது. ஆகவே திரும்பிப் போகும்போது இமயத்தைக் கடந்தே ஆகவேண்டும். முதுகிலே சிறு கருவியைக் கட்டி விண்கோள் வழியாகத் தொடர்ந்து பார்த்தவர்கள், அது 7,000 மீற்றருக்கும் மேலே பறந்ததைப் பதிவு செய்திருக்கின்றார்கள். இமயத்தின் தென்னடிவாரத்திலே காத்திருந்து, காற்றடங்கிக் குளிர்ந்த இரவிலோ விடியலிலோ எழுந்து, ஏழெட்டு மணி நேரத்தில் மலையை ஏறிக் கடந்துவிடுகின்றது. குளிர்ந்த காற்று செறிவானது. சிறகுக்கு அதிகம் பிடி கொடுக்கும். எப்போது புறப்படுவது என்று காத்திருந்து தெரிந்துகொள்வதும் தங்குமிடத்தில் நடக்கும் வேலையே.

வடபுலத்து அன்னங்களின் வழியிலே இன்னொரு நுட்பம் உண்டு. ஐரோப்பாவிலே இளவேனில் தெற்கிலிருந்து வடக்காகப் படிப்படியாக நகருகின்றது. பனி உருகிய இடத்திற் புல் முளைக்கின்றது. முளைத்துச் சில நாட்கள் வரையுமே அதிற் சத்து மிகுதி. அன்னங்கள் அந்த இளம்புல்லைப் பின்தொடர்ந்தே போகின்றன. ஓரிடத்திற் புல் முற்றத் தொடங்க, வடக்கே இன்னோரிடத்தில் அப்பொழுதுதான் தளிர்க்கும். அங்கே எழுந்து போகும். இதனை அறிஞர்கள் பசுமை அலை என்கின்றனர்.

இதைப் படித்தபோது நமக்கு ஓர் எண்ணம் உண்டாயிற்று. நம் நாட்டில் இளவேனில் என்று நூல்கள் சொல்லும் பங்குனி சித்திரையிலே தளிர்ப்பது ஏது? மாரி மழையால் நிரம்பிய குளங்களும் பரவைக்கடலின் ஓரங்களும் மாசி தொடக்கம் வற்றத் தொடங்குகின்றன. பகலில் வெயில், இரவிற் காற்று, மழை இல்லை. நீரின் விளிம்பு நாளொரு முழமாகப் பின்வாங்குகின்றது. உழவனுக்கு இது கவலை தரும் காலம். ஆனால் அந்த விளிம்பிலேதான் நேற்றுவரை நீருள் இருந்த சேறு இன்று வெளிப்படுகின்றது. அதனுள்ளே புழுவும், சிறு நண்டும், நத்தையும், கூனியும். நாளை இன்னொரு கீற்றுச் சேறு. வடநாட்டில் அன்னத்துக்குப் பசும்புல் என்ன செய்கின்றதோ அதை இங்கே உள்ளானுக்கும் மூக்கனுக்கும் வற்றும் நீர் செய்கின்றது. நம் கண்ணுக்கு வறட்சியாகத் தெரிவது அவற்றின் அறுவடை. நாமத்தலை வாத்தோ தாராக்களுள் அன்னத்தின் போக்கை உடையது; கரையோரப் புல்லையும் நீரடிப் பாசியையும் மேய்ந்தே கொழுக்கின்றது.

இத்தனையும் எதற்கென்றால், யாழ்ப்பாணக் குடாநாடு நிற்குமிடம் அத்தகையது. தென்னிலங்கையின் கரைகளில் மாரியைக் கழித்த பறவைகளிற் பல திரும்பிப் போகையில் இலங்கை மண்ணை விடும் கடைசி முனைகள் மன்னாரும் யாழ்ப்பாணமும். அப்பால் பாக்குநீரிணை. கோடிக்கரை, நம் வடகரையிலிருந்து ஐம்பது அறுபது கிலோமீற்றர் தொலைவு. 1954 ஆம் ஆண்டிலே தொண்டைமானாற்று வீரர் நவரத்தினசாமி அக்கடலை நீந்திக் கடந்ததை இன்றும் வடமராட்சியார் பெருமையோடு சொல்லுவர். ஒரு பகலும் ஓர் இரவும் கடந்து நீந்தினார் அவர். நல்ல காற்று வாய்த்தால் ஒரு நீலச்சிறகி ஏறக்குறைய ஒரு மணி நேரத்திற் போய்விடும். ஆனால் அதற்குக் கோடிக்கரை முடிவன்று, தொடக்கம். கோடிக்கரையிலே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல்லாண்டுகளாகப் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடுகின்றனர். அவ்வளையம் பூண்ட பறவைகள் சைபீரியா வரையிற் கிடைத்திருக்கின்றன.

இக்காலத்தில் வளையத்துக்கும் மேலான கருவி வந்துவிட்டது. 2021 ஆம் ஆண்டிலே கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரிலே ஒரு கடற்காகத்துக்கு விண்கோளோடு பேசும் சிறு கருவியைப் பூட்டி, மேகா என்று பெயரும் சூட்டி விட்டார்கள். அது இந்தியாவையும் மத்திய ஆசியாவையும் கடந்து, ருஷிய தேசத்தின் வடகோடியிலே, ஆர்க்டிக் கடலைத் தொட்டு நிற்கும் யமால் தீபகற்பத்தை அடைந்தது. கோடை கழிந்ததும் திரும்பி மன்னாருக்கே வந்து சேர்ந்தது. நாம் மன்னார்த் தீவுக் கரையிலே கருவாட்டுக்கு வாடி போட்டிருக்கும் இடத்திற் சாதாரணமாகக் காணும் பறவை அது. மீன் குடலுக்குச் சண்டை பிடிப்பது. அதன் மற்ற வீடு பனிவெளியிலே இருக்கின்றது.

ஒரு மடம் இடிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. பட்டைவால் மூக்கன் என்னும் பறவை நியூசிலாந்துக்கும் அலாஸ்காவுக்கும் இடையே போய்வருவது. 2007 ஆம் ஆண்டிலே ஈ-7 என்று குறியிடப்பட்ட ஒரு பெடை, நியூசிலாந்திலிருந்து 10,000 கிலோமீற்றருக்கு மேல் நில்லாமற் பறந்து, சீனாவும் வடகொரியாவும் சந்திக்கும் யாலு ஆற்று முகத்திலே, மஞ்சட்கடற் கரையில் இறங்கிற்று. அங்கே ஏறக்குறைய ஐந்து வாரம் தங்கிச் சேற்றை உழுது தின்றது. பின்னரே அலாஸ்காவுக்கு எழுந்தது. திரும்பும்போது அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்துக்குப் பசிபிக் பெருங்கடலுக்குக் குறுக்கே 11,000 கிலோமீற்றருக்கு மேல் ஒரே மூச்சு. போகும்போது அந்த ஐந்து வாரச் சேறு இல்லையாயின் முட்டையிடும் பேச்சே இல்லை. அதே மஞ்சட்கடலிலே, தென்கொரியர் 2006 இல் 33 கிலோமீற்றர் நீளமான அணையொன்றைக் கட்டி முடித்துச் சேமாங்கும் என்னும் பெருஞ்சேற்றுக் கரையைக் கடலிலிருந்து பிரித்துவிட்டனர். அங்கே தங்கிவந்த பெரிய உள்ளான்கள் பல பத்தாயிரம் காணாமற் போயின. வேறு கரைக்குப் போயிருக்கும் என்று ஆறுதல் சொன்னவர்களும் இருந்தனர். தேடிப் பார்த்தபோது பக்கத்துக் கரைகளில் அந்த எண்ணிக்கை கூடவில்லை. பிற்பாடு 2019 இற் சீனத்துக் கரையின் ஒரு பகுதியும், 2021 இற் கொரியக் கரையின் ஒரு பகுதியும் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன.

அணை மாத்திரமன்று, சிறிய காரியங்களும் இருக்கின்றன. அன்று தனங்கிளப்பில் நாம் நின்ற இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு கதை நடந்தது. மோட்டார் சைக்கிளிலே இரண்டு இளைஞர்கள் வந்தனர், நல்ல பிள்ளைகள், நமக்கு வணக்கமும் சொன்னார்கள். காய்ந்த சேற்றின் மேலே வண்டியை ஓட்டிச் சென்று, பறவைகள் ஒருமிக்க எழும்புவதைக் கைத்தொலைபேசியிற் படம் பிடித்தார்கள். கூட்டம் எழுந்து, வட்டமிட்டு, ஏரியின் நடுவே இறங்கிற்று. மெல்ல மெல்லக் கரைக்குத் திரும்பிற்று. படம் சரியாக வரவில்லை போலும், மறுபடி ஓட்டினார்கள். மறுபடி எழுந்தது. அவர்கள் போனபின் ஊர் நாய்கள் மூன்று அதே விளையாட்டை ஆடின. நம் பிள்ளை கொப்பியிலே எழுதினான்: “6.40, 6.55, 7.25 - எழும்பினது.” முதியவர் ஒன்றும் பேசாமல் வலையை உதறிக்கொண்டிருந்தார்.

இதனால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்கலாம். நோர்வே நாட்டிலே கேட்டுப் பார்த்தார்கள். பிங்க்கால் அன்னம் என்று ஓர் இனம் டென்மார்க்கு, ஒல்லாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகளிற் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, வடமுனையருகே ஸ்வால்பார்ட் தீவுகளிற் குஞ்சு பொரிக்கப் போகின்றது. போகும் வழியில் நோர்வேயின் வடகரையிலே வெஸ்டரோலன் என்னும் தீவுகளில் இறங்கி, வசந்தத்து இளம்புல்லை மேயும். அப்புல்லோ அங்குள்ள குடியானவர் தம் ஆட்டுக்கும் மாட்டுக்கும் வளர்த்தது. ஆகவே அவர்கள் அன்னங்களைத் துரத்தினார்கள். குடியானவரைக் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. துரத்தப்பட்ட அன்னங்களையும், தொல்லையின்றி மேய்ந்த அன்னங்களையும் ஆய்வாளர்கள் தனித்தனியே கவனித்தனர். பிடித்து நிறுக்க வேண்டியதில்லை. வயிறு எவ்வளவு தொங்குகின்றது என்பதைத் தூரத்திலிருந்தே பார்த்துக் கொழுப்பை மதிப்பிடுவதற்கு ஒரு முறை இருக்கின்றது. தொல்லையின்றி மேய்ந்தவற்றின் வயிறு நாளுக்கு நாள் தொங்கிற்று. துரத்தப்பட்டவற்றின் வயிறு அப்படியே இருந்தது. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் அவை தெற்கே திரும்பியபோது, முன்னவற்றுட் பல குஞ்சுகளோடு வந்தன. பின்னவற்றுட் பல வெறுமனே வந்தன. 1990 களில் வெளிவந்த ஆய்வு இது. புல்லுக்காக அங்கே விரட்டிய விரட்டு, ஏறக்குறைய ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால், ஒரு மாதம் கழித்து, கூட்டில் முட்டையில்லாமற் செய்துவிட்டது. பின்னாளில் அந்நாட்டு அரசு, அன்னங்களை மேயவிடும் குடியானவர்க்கு உதவிப்பணம் கொடுக்க ஏற்பாடு செய்தது.

இந்தக் கதையைத் திரும்பி வரும் வழியிலே பிள்ளைக்குச் சொன்னோம். அவன் சற்று நேரம் பேசாமலிருந்து, “அந்த அண்ணாமாருக்கு இது தெரியாது, மாமா” என்றான். உண்மை. தெரியாதவர்களைத் திட்டி ஆவதொன்றுமில்லை.

தெரிந்தும் தீர்க்க இயலாத வழக்குகளும் உண்டு. தண்ணீர் அவற்றுள் முதலாவது. ஆறில்லாத குடாநாடு இது. சுண்ணாம்புக் கற்பாறைக்குள் ஊறிக் கிடக்கும் கிணற்று நீரே நம் உயிர். 1954 இல் எந்திரி ஆறுமுகம் அவர்கள் “யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு” என்னும் திட்டத்தை முன்வைத்தார்: கனகராயன் ஆற்று நீரை ஆனையிறவுப் பரவைக்கடலிலே தேக்கி, வடமராட்சி, உப்பாற்று நீரேரிகளுக்குக் கொண்டுவந்து, உவரை நன்னீராக மாற்றுவது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தன. திட்டம் முழுமையாக நிறைவேறவில்லை. அவ்வப்போது அது மீண்டும் பேசப்படுகின்றது. குடிக்க நீர் வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? நம் வீட்டுக் கிணறும் ஆவணியில் உவர்க்கத்தான் செய்கின்றது. ஆனால் ஆனையிறவுக் கழியின் கிழக்கே சுண்டிக்குளம் இருக்கின்றது. 1938 இற் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டு, 2015 இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்ட இடம். நீர் நன்னீரானாற் தாராக்கள் கோபிக்கமாட்டா; குளத்திலும் வாழும் இனம் அவை. ஆனால் நீர் வற்றாமல் ஆண்டு முழுவதும் நிறைந்து நின்றால், மேலே சொன்ன சேற்று விளிம்பு பங்குனியில் வெளிப்படாது. குட்டைக்கால் உள்ளானுக்கு ஆழநீரில் வேலையில்லை. ஆகவே நீரைத் தேக்குவதா என்பது மட்டுமன்று. எம்மட்டத்தில், எம்மாதத்தில், எக்கரையை வற்றவிட்டுத் தேக்குவது என்பதையும் கேட்க வேண்டும். அதனைக் கணக்கிடத் தெரிந்த எந்திரிகள் நம்மிடையே இல்லாமலில்லை.

அடுத்தது காற்று. பளையிலே காற்றாலைகள் சுழலுகின்றன. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 மார்கழியில் 30 பெருங்காற்றாலைகள் இயங்கத் தொடங்கின. பின்னர் மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற்று அளவில் இன்னொரு பெருந்திட்டம் வந்தது. பறவைகளின் வழியை மறிக்குமென்று சூழலியலாளர்கள் 2024 இல் உயர் நீதிமன்றம் ஏறினார்கள். 2025 மாசியில் அந்நிறுவனம் தானே விலகிக்கொண்டது. நிலக்கரிப் புகையைவிடக் காற்று மின்சாரம் மேல் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் காற்றாலைக்கு நல்ல காற்று வீசும் வழியும், பறவைக்கு நல்ல காற்று வீசும் வழியும் ஒன்றாக அமைந்துபோனது இந்தக் கரையின் விதி. ஆலையைவிட, அதிலிருந்து மின்சாரம் கொண்டுபோகும் கம்பிகளே எமக்கு அதிக அச்சம் தருகின்றன. அந்தி மங்கலிலே தாழப் பறந்து வரும் பூநாரைக் கூட்டத்துக்குக் கம்பி தெரிவதில்லை. 2010 இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் பெற்ற வங்காலைப் புகலிடத்தின் ஊடாகவே மன்னார்ப் பெருந்தெருவும் செல்லுகின்றது.

மூன்றாவதாகக் குப்பை. அதைப் பற்றி விரித்தெழுதினால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு கெடும். பரவைக்கடலோரமாகப் போகும் எந்தத் தெருவிலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு நடை நடந்து பார்க்க.

உலக வலசைப் பறவைகள் நாள் என்று ஒன்றை மே மாதத்து இரண்டாம் சனிக்கிழமையிற் கொண்டாடுகின்றார்கள். வடநாட்டார்க்கு அது பொருத்தம். அன்று அங்கே பறவைகள் வந்து இறங்கும். நம் ஏரியிலோ அன்றைக்கு விருந்தாளிகள் பெரும்பாலும் போய்விட்டிருப்பார்கள். மேடை கட்டி ஒலிபெருக்கி வைத்துப் பேசுவதற்கு அவ்வகையில் அதுவே தக்க நாள். பறவைகளைப் பார்க்க விரும்பும் மாணவர்கள் மாசி கடைசியிலும் பங்குனியிலும் போக வேண்டும். சரசாலைக் குருவிக்காடு, அராலிக் கரை, மண்டைதீவுக்குப் போகும் பண்ணைத் தாம்போதி, தனங்கிளப்பு, எதுவானாலும் சரி. விடியமுன் போய், தெருவிலிருந்து இறங்காமல், வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம். எண்ண முடியாவிட்டாற் பாதகமில்லை. எந்தத் திகதியில் எந்த இனம் கடைசியாகக் காணப்பட்டது என்று குறித்து வைத்தாலே போதும். ஆண்டுதோறும் ஒரே கரையில் அதைக் குறித்துவந்தால் நல்ல கணக்கு ஒன்று சேரும்.

நம் பிள்ளை குறித்திருக்கின்றான். பங்குனி முழுவதும் ஞாயிறுதோறும் போய்வந்தான். சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்த ஞாயிறும் போனான். நாமத்தலை ஒன்றும் இல்லை, ஊசிவால் ஒன்றும் இல்லை, நீலச்சிறகி பன்னிரண்டு. முதியவர் இருந்தாராம். “பொழுதுபட எழும்பிச்சுதுகள் தம்பி, முந்தநாள். வடக்கை பாத்துத்தான்” என்றாராம்.

அந்த முதியவர் எல்லாத் தாராக்களையும் தாரா என்றே சொல்லுகின்றார். ஆனால் சீழ்க்கையடிப்பது, வால் நீண்டது என்று வேறுபடுத்தியும் சொல்லுகின்றார். நெடுந்தீவிலும், ஊர்காவற்றுறையிலும், பூநகரியிலும், வடமராட்சி கிழக்கிலும் இவற்றுக்குத் தனிப்பெயர்கள் வழங்கக்கூடும். தமிழகத்து நூற்பெயர்களைக் கடன் வாங்கியே இக்கட்டுரையை நாம் எழுத நேர்ந்தது. தங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, பறவையின் அடையாளத்தோடு பெயரையும் எழுதியனுப்பும் அன்பர்களின் கடிதங்களை இப்பகுதியில் வெளியிடுவோம்.